சாமந்தி ஒரு பூ இல்ல: சிறுவர் பக்கத்துக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை சிறுவர் பக்கத்துல "உலகத்துலயே பெரிய பூ எது?"ன்னு ஒரு பெட்டிச் செய்தி போட்டு, சுமத்ரா காட்டுல வளர்ற டைட்டன் ஆரம்னு பதிலும் குடுத்து, ஆள் உயரத்துக்கு மேல நிக்கற படமும் போட்டிருந்தீங்க. படம் அருமை. பதில் தப்பு சார், அதை நீங்க திருத்தணும்னுதான் இதை எழுதறேன். டைட்டன் ஆரம் ஒரு மஞ்சரி, அதாவது ஒரே தண்டுல நூத்துக்கணக்குல குட்டிப் பூக்கள் உக்காந்திருக்கற ஒரு கூட்டம். ஒத்தப் பூன்னு எடுத்தா உலகத்துலயே பெருசு ரஃப்லீசியா அர்னால்டி, அதுவும் அதே சுமத்ராவுலதான் இருக்கு, 1 மீட்டர் அகலம் வரைக்கும் விரியும். டைட்டன் ஆரம் 3 மீட்டர் உயரம் வரைக்கும் போகும், அதனால கிளை பிரியாத மஞ்சரிகள்லயே பெருசுன்னு வேணா போடலாம். கிளை பிரியற மஞ்சரியையும் சேத்துக்கிட்டா அந்த முதலிடமும் தாளிப்பனைக்குப் போயிடும். நம்ம கேரளாவுலயும் இலங்கையிலயும் இருக்கற மரம், 30 வருஷத்துலேந்து 80 வருஷம் வரைக்கும் சும்மா வளந்துக்கிட்டே இருந்து, ஒரே ஒரு தடவ உச்சியில 6, 8 மீட்டர் உயரத்துக்கு மஞ்சரி விட்டு, லட்சக்கணக்குல பூ பூத்து, காய் பழுத்ததும் மரமே பட்டுப் போயிடும். பழைய ஓலைச்சுவடிகள்ல இந்த மரத்து ஓலையில எழுதினதும் நெறைய உண்டு.

ஒரு பெட்டிச் செய்திக்கு இவ்வளவு பெரிய லெட்டரான்னு தோணலாம். நான் பெங்களூரு அல்சூர்ல வீட்டுலயே பி.யூ.சி., அதாவது 11, 12-வது பிள்ளைங்களுக்கு பயாலஜி டியூஷன் எடுக்கறேன். எங்கிட்ட வர்றவங்க பெரும்பாலும் வீட்டுல தமிழ் பேசறவங்கதான், உங்க பேப்பர்தான் வீட்டுல வாங்கறாங்க, பேப்பர்ல வந்தா அது சரியாத்தான் இருக்கும்னு பெத்தவங்களும் நம்பறாங்க. இந்த மஞ்சரிங்கற விஷயம் 11-வது புக்ல ஒரு சின்ன பாராதான். கடையில விக்கற கைடைத் திறந்தா ரெசிமோஸ், சைமோஸ், ஸ்பைக், கோரிம்ப், அம்பெல், ஸ்பாடிக்ஸ், கேப்பிட்டுலம், சயாத்தியம்னு வரிசையா பேரு, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல ஒரு உதாரணம், அதுல பாதிச் செடிய பிள்ளைங்க கண்ணால பாத்ததே கிடையாது. மனப்பாடம் பண்றாங்க, மார்க் வாங்கறாங்க, அடுத்த மாசம் கேட்டா முழிக்கறாங்க. எனக்கு அதுதான் தாங்கல. ஒரு செடி எந்தக் குடும்பம்னு லென்ஸ்கூட இல்லாம ரோட்டுல நின்னுக்கிட்டே கண்டுபிடிக்கணும்னா, தண்டுல பூ எப்படி உக்காந்திருக்குன்னுதான் முதல்ல பாக்கணும், இலைய நம்பறதைவிட அதை நம்பலாம், அதைப் போய் ஒரு மார்க் கேள்வியா சுருக்கி வெச்சிருக்கோம். நீங்க நெனச்சா உங்க சிறுவர் பக்கத்துலயே இதை மாத்தலாம், எப்படின்னு கடைசியில சொல்றேன்.

டைட்டன் ஆரத்துக்கு சுமத்ரா வரைக்கும் போக வேண்டாம், அதோட நெருங்கின சொந்தம் நம்ம சமையல்கட்டுலயே இருக்கு, சேனைக்கிழங்கு. ரெண்டும் ஒரே பேரினம், அமார்ஃபோஃபாலஸ். முதல் மழைக்கு கிழங்குலேந்து இலை வர்றதுக்கு முன்னாடியே செம்பழுப்பா ஒரு பெரிய மடல் விரியும், நடுவுல தடியா ஒண்ணு நிக்கும், அழுகின கறி நாத்தம் அடிக்கும், ஈயும் வண்டும் அதைத் தேடி வரும். அந்தத் தடிக்கு அடியில சுத்திப் பாத்தா கீழ பெண்பூ, அதுக்கு மேல ஆண்பூ, உச்சியில பூவே இல்லாம புடைச்சு நிக்கற ஒரு பாகம். பெண்பூ முதல்ல தயாராயிடும், ஆண்பூ மகரந்தம் விடறது அதுக்கப்புறம்தான், அதனால தன் மகரந்தம் தன் மேலயே விழாது. இதுக்குத்தான் ஸ்பாடிக்ஸ், மடல் கதிர்னு பேரு. பொக்கே கடையில செவப்பா பளபளன்னு வெச்சிருப்பாங்களே ஆந்தூரியம், அதுவும் இதே குடும்பம், அந்த செவப்புத் தட்டு இதழ் இல்ல, மாறிப்போன இலை, பூவெல்லாம் அந்த நடு காம்பு மேல புள்ளி புள்ளியா இருக்கறது. சேனையும் ஆந்தூரியமும் ஒரு குடும்பம்னு இலைய வெச்சு யாராலயும் சொல்ல முடியாது, மஞ்சரிய வெச்சு ஒரு நிமிஷத்துல சொல்லிடலாம்.

இப்ப சாமந்திக்கு வர்றேன். கே.ஆர். மார்க்கெட்ல கூடை கூடையா கொட்டி வெச்சிருக்கற சாமந்தியில ஒண்ணை எடுத்து பிச்சுப் பாருங்க. நாம இதழ்னு நெனைக்கற ஒவ்வொண்ணோட அடியிலயும் ரெண்டா பிரிஞ்ச சின்ன நூல் ஒண்ணு எட்டிப் பாக்கும், அது சூல்முடி, பூவோட பெண் உறுப்போட நுனி. அப்படின்னா அந்த ஒத்த "இதழே" ஒரு முழு பெண்பூ. இன்னும் நம்பிக்கை வரலைன்னா செண்டுப்பூவ எடுத்துக்குங்க. ஆயுத பூஜைக்கு கட்டின மாலை காஞ்சதும் அதை உதுத்து தொட்டியில தூவுறோம், முளைக்குது. எதைத் தூவினோம்? அடியில கறுப்பா குச்சி மாதிரி ஒட்டியிருக்கற காஞ்ச இதழைத்தான். ஒரு இதழுக்குன்னு தனியா ஒரு விதை எப்படி வரும்? அந்தக் கறுப்புக் குச்சிதான் ஒரு பூவோட சூலகம், முத்தி காயாகி நிக்குது. ஒரு செண்டுப்பூவுல எத்தனை கறுப்புக் குச்சி இருக்கோ அத்தனை பூ அதுல காய்ச்சிருக்குன்னு அர்த்தம். இதை ஒரு பிள்ளைகிட்ட கையில குடுத்து காட்டிட்டா கேப்பிட்டுலம், அதாவது தலை மஞ்சரிங்கற பேரை அதுக்கப்புறம் அது மறக்கவே மறக்காது, நான் வருஷா வருஷம் பாக்கறேன்.

சூரியகாந்தியும் இதே ஆஸ்டரேசி குடும்பம். ஓரத்துல மஞ்சளா நீண்டிருக்கறது விதை வைக்காத பூக்கள், பூச்சியக் கூப்பிடறதுக்குத்தான் அது. நடுவுல இருக்கற வட்டத்துல ஆயிரக்கணக்கா குழாய்ப் பூக்கள், அதுல ஒவ்வொண்ணும் ஒரு விதை. அந்த வட்டம் ஒரே நாள்ல பூக்காது, ஓரத்துலேந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு வளையமா உள்ள போகும். 30,000 இனத்துக்கும் மேல இருக்கற குடும்பம் இது, ஆர்க்கிட் குடும்பத்தோட சேத்து உலகத்துலயே பெருசு. ரோட்டோரம் பூத்துக் கெடக்கற கரிசலாங்கண்ணி, மூக்குத்திப்பூ, பார்த்தீனியம் எல்லாம் இதுல வந்துடும், எல்லாத்துலயும் அதே தலை மஞ்சரிதான்.

பூ பூக்கற வரிசைன்னு சொன்னேன்ல, மஞ்சரியில உண்மையான விஷயமே அதுதான் சார், கைடுல அது ஒரு வரியில போயிடுது. கனகாம்பரத்தைப் பாருங்க. பச்சைக் கதிர், ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பச்சைச் செதில், அடியில இருக்கறது முதல்ல பூக்கும், பறிக்கறவங்க அதை மட்டும் உருவிட்டுப் போவாங்க, ரெண்டு நாள் கழிச்சு அதுக்கு மேல இருக்கறது பூத்திருக்கும், நுனி வளந்துக்கிட்டே போகும். இதுதான் ரெசிமோஸ், நுனிவளர் மஞ்சரி. சம்பங்கியும் அப்படித்தான், வாஸ்ல வைக்க தண்டோட வாங்கறவங்க கீழ ரெண்டு மூணு மட்டும் விரிஞ்சதா பாத்து எடுப்பாங்க, மேல இருக்கற மொட்டெல்லாம் வீட்டுக்கு வந்து ஒவ்வொண்ணா விரியும். கனகாம்பரத்தோட குடும்பம் அகாந்தேசி, அதே குடும்பத்துல டிசம்பர் பூ இருக்கு, ஆடாதோடை இருக்கு, அதுலயும் பூவுக்குப் பூ அந்தப் பச்சைச் செதில் இருக்கும், பக்கத்துல வெச்சு பாத்தா சொந்தம் தெரியும்.

மல்லி நேர் எதிர். மாடியில தொட்டி மல்லி இருந்தா கிளை நுனிய பாருங்க, மூணு மொட்டு நிக்கும், நடுவுல இருக்கறதுதான் கொழுத்து முதல்ல விரியும், ரெண்டு பக்கமும் இருக்கறது பின்னாடி. கிளையோட நுனியே பூவா முடிஞ்சு போச்சு, அதுக்கு மேல அந்தத் தண்டு வளர முடியாது, வளரணும்னா பக்கத்துலேந்துதான் கிளம்பணும். இதுதான் சைமோஸ், நுனிவளரா மஞ்சரி. வயசான பூ அடியிலயா, நுனியிலயா? இந்த ஒரு கேள்விய மட்டும் பிள்ளைங்க கேக்கப் பழகிட்டா மத்த பேரெல்லாம் தானா வந்து சேரும்.

இதுல ஒரு இடத்துல எல்லாரும் குழம்புவாங்க, அதையும் சொல்லிடறேன். ஏப்ரல்ல லால்பாக்லயும் கப்பன் பார்க்லயும் சரக்கொன்றை தொங்கறப்ப பாத்தா மேல இருக்கற பூ விரிஞ்சிருக்கும், கீழ நுனியில மொட்டா இருக்கும், உடனே பிள்ளைங்க இது சைமோஸ்னு எழுதிடுவாங்க. அடின்னா தரைப் பக்கம் இல்ல, தண்டு கிளையில ஒட்டற இடம். சரம் தலைகீழா தொங்குது, அவ்வளவுதான், அது ரெசிமோஸ்தான். வாழைத்தாரும் அப்படித்தான். தாரோட அடி மேல இருக்கு, முதல்ல வந்த பூவெல்லாம் பெண்பூ, அதுதான் சீப்பு சீப்பா காயாகுது, நுனி வளந்துக்கிட்டே போகப் போக வர்றதெல்லாம் ஆண்பூ, அந்த நுனிய வெட்டித்தான் வாழைப்பூன்னு மார்க்கெட்ல விக்கறாங்க. வாழைப்பூ ஆயறப்ப ஒரு மடலைத் தூக்கினா உள்ள வரிசையா பூ இருக்கும், ஒவ்வொண்ணுலேந்தும் வேகாத அந்த கள்ளனையும், கண்ணாடியா இருக்கற சின்ன இதழையும் பிடுங்கிப் போடறோம். கள்ளன்ங்கறது சூல்தண்டு, கண்ணாடி அந்தப் பூவோட ஒட்டாத ஒரே இதழ், மீதி அஞ்சும் ஒண்ணா ஒட்டியிருக்கும். எங்கிட்ட டியூஷன் வர்ற பிள்ளைங்களுக்கு நான் முதல் பாடமே இந்த வாழைப்பூ ஆயறதுலேந்துதான் ஆரம்பிக்கறேன், ஒரு பேப்பர விரிச்சு எல்லாரும் உக்காந்து ஆயுவோம், பொரியலும் ஆச்சு, பாடமும் ஆச்சு.

சமையல்கட்டுன்னு வந்துட்டதால அம்பெல், அதாவது குடை மஞ்சரி பத்தியும் எழுதிடறேன். கொத்தமல்லிய பறிக்காம விட்டுட்டா தண்டு நீண்டு வெள்ளையா பூக்குமே, குடைக்கம்பி எல்லாம் ஒரே இடத்துலேந்து கிளம்பற மாதிரி காம்புகள் ஒரே புள்ளியிலேந்து கிளம்பும், ஒவ்வொரு கம்பி நுனியிலயும் இன்னொரு சின்னக் குடை, அதுலதான் பூ. சோம்பு, சீரகம், ஓமம், சதகுப்பை, கேரட் எல்லாத்துக்கும் இதே கூட்டுக்குடை மஞ்சரிதான், அஞ்சறைப்பெட்டியில பாதி இந்த ஏபியேசி குடும்பம்னே சொல்லலாம், குடும்பத்தோட பழைய பேரே அம்பெல்லிஃபெரேன்னு இந்த மஞ்சரிய வெச்சு வந்ததுதான். இங்க ஒரு எச்சரிக்கை, இதை நீங்க போட்டா கட்டாயம் இதையும் சேத்துப் போடுங்க. சாக்ரட்டீசுக்குக் குடுத்தாங்களே ஹெம்லாக் விஷம், அந்தச் செடியும் இதே குடும்பம், அதே வெள்ளைக் குடை. குடும்பம் தெரிஞ்சா போதும்னு எதையும் வாயில வைக்கக் கூடாது. குடைய பாத்ததும் இந்தக் குடும்பம்னு முடிவு பண்ணவும் கூடாது, வெங்காயத்தாள் முத்தி உருண்டையா பூக்கறதும் குடை மஞ்சரிதான், ஆனா அந்தக் குடும்பமே வேற. அதுல பூ ஓரத்துலேந்து வரிசையா விரியாது, இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு விரியும், ஏன்னா சின்னச் சின்ன சைமோஸ் கொத்தெல்லாம் நெருங்கி ஒண்ணா சேந்ததுதான் அது.

துளசியிலயும் தும்பையிலயும் ரெசிமோஸ், சைமோஸ் ரெண்டும் கலந்து வரும். தண்டைச் சுத்தி வளையம் வளையமா பூ, துளசியில ஒரு வளையத்துக்கு 6 பூ. ஒவ்வொரு வளையமும் எதிரெதிரா இருக்கற ரெண்டு சைமோஸ் கொத்து, ஆனா வளையங்கள் பூக்கறது கீழேந்து மேல. தண்டை விரல்ல உருட்டிப் பாத்தா சதுரமா இருக்கும். சதுரத் தண்டும் வளையப் பூவும் சேந்து இருந்தா லேமியேசி குடும்பமான்னு முதல்ல பாக்கணும், புதினா, கற்பூரவல்லி எல்லாம் அங்கதான்.

கிறிஸ்துமஸ் நேரத்துல ஃப்ரேசர் டவுன் பக்கமெல்லாம் தொட்டி தொட்டியா பாயின்செட்டியா வந்து இறங்கும். செவப்பா இருக்கறது எல்லாம் இலை. நடுவுல பச்சையும் மஞ்சளுமா சின்னச் சின்னக் கிண்ணம் இருக்கும், அந்தக் கிண்ணம் ஒவ்வொண்ணுக்குள்ளயும் நடுவுல ஒரே ஒரு பெண்பூ, சுத்தி ஆண்பூக்கள், ஒரு ஆண்பூன்னா ஒரே ஒரு மகரந்தத்தாள் மட்டும். இதுதான் சயாத்தியம், யூஃபோர்பியா பேரினத்தோட அடையாளம், பால் வடியற கள்ளிச் செடியிலயும் வாசல்ல வைக்கற முள் கிரீடச் செடியிலயும் இதையே பாக்கலாம். இந்த இடத்துல உங்க பேப்பருக்காக ஒண்ணு சொல்லணும், 1753-ல தாவரங்களுக்கெல்லாம் ரெட்டைப் பேரு வெச்ச லின்னேயஸே இந்தக் கிண்ணத்தை ஒத்தப் பூன்னு எடுத்துக்கிட்டு, ஆண்பூக்களை எல்லாம் மகரந்தத்தாள்னு எண்ணி, 12 தாள் வகுப்புலதான் சேத்து வெச்சாரு. பின்னாடி வந்தவங்கதான் அது கூட்டம்னு காட்டினாங்க. அதனால உங்க பக்கத்தை எழுதினவங்க மேல எனக்குக் கோபமெல்லாம் இல்ல.

அத்தி, ஆல், அரசு இதுல பூ வெளியவே தெரியாது, காய்னு நாம சொல்றதுக்கு உள்ளதான் சுவத்தைச் சுத்தி பூ, நுனியில ஊசித் துளை, அது வழியா குளவி உள்ள போனாத்தான் விதை. ராமோஹள்ளியில 3 ஏக்கருக்குப் பரவி நிக்கற தொட்ட ஆலத மரத்துக்கு பிள்ளைங்களை பிக்னிக் கூட்டிட்டுப் போறாங்க, கீழ விழுந்து கெடக்கற ஆலம்பழத்தை ஒண்ணாவது பிளேடால குறுக்க வெட்டி காமிக்கச் சொல்லுங்க, இந்த மூடின மஞ்சரிக்குப் பேரு ஹைப்பந்தோடியம், அதுக்கு மேல பாடம் வேண்டாம். காலிஃபிளவர்ல நாம சாப்பிடறது பூவாகணும்னு திரும்பத் திரும்ப கிளம்பி பூவாகாமயே நின்னுபோன மஞ்சரி நுனிகள், ஏன் அப்படி ஆகுதுன்னு 2021-ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆராய்ச்சியே வந்துச்சு. நம்ம கர்நாடகத்து ராகியில கதிர் விரல் விரலா பிரிஞ்சிருக்கறதும் மஞ்சரி வகைதான், நெல்லு அப்படி இருக்காது.

இப்ப நான் கேக்கறது. முதல்ல அந்த பெட்டிச் செய்திக்கு ஒரு திருத்தம். ரெண்டாவது, சிறுவர் பக்கத்துல மாதிரி வினா விடை போடறப்ப இந்தப் பேரையெல்லாம் பட்டியலா போடாதீங்க, வாரம் ஒரு செடி போடுங்க, மார்க்கெட்லயோ சமையல்கட்டுலயோ ரோட்டோரத்துலயோ பிள்ளை கையில எடுத்துப் பாக்கக் கூடியதா இருக்கட்டும், "இதுல வயசான பூ எங்க இருக்கு?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, பதிலை அடுத்த வாரம் போடுங்க. இன்னொண்ணு, லால்பாக்ல ஜனவரியிலயும் ஆகஸ்ட்லயும் மலர்க் கண்காட்சி நடக்கறப்ப நீங்க பெரிய பெரிய படமா போடறீங்க, கிளாஸ் ஹவுஸ் உள்ள பூவாலயே செஞ்ச கோபுரம், சிலை எல்லாம் வருது, எத்தனை லட்சம் பூன்னு தலைப்பும் வருது. அந்த எண்ணிக்கையில சாமந்தி எப்படி ஒண்ணுன்னு எண்ணப்படுதுன்னு யோசிச்சுப் பாருங்க. படம் போடுங்க, கூடவே எந்தக் குடும்பம், எந்த மஞ்சரின்னு ஒரு வரி சேருங்க, போதும்.

ஃபோட்டோகிராஃபர்கிட்டயும் ஒண்ணு சொல்லணும். பூவ எப்பவும் மேல இருந்தே எடுக்கறாங்க. மேல இருந்து பாத்தா இட்லிப்பூ, குல்மொஹர், கேரட் பூ எல்லாமே தட்டையா விரிச்ச ஒரு கொத்துதான், ஒண்ணுக்கொண்ணு வித்தியாசமே தெரியாது. பக்கவாட்டுல கேமராவ இறக்கி காம்பு தெரியற மாதிரி எடுத்தா, கேரட்ல எல்லாக் காம்பும் ஒரே புள்ளியிலேந்து வர்றது தெரியும், குல்மொஹர்ல அடிக்காம்பு நீளமாவும் மேல போகப் போக குட்டையாவும் இருக்கறது தெரியும், இட்லிப்பூவுல மூணு மூணா பிரியறது தெரியும். அதனால ஒவ்வொரு பூவுக்கும் மேலேந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணுன்னு ரெண்டு படம் எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க, சிறுவர் பக்கத்துக்கு அந்த ரெண்டாவது படத்தை அனுப்புங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
அல்சூர், பெங்களூரு